தொண்டைப் பல்

பங்குனியில் பாகூர் ஏரி வற்றத் தொடங்கினால் எங்கள் வீட்டில் தினமும் கெண்டைக் குழம்புதான். ஆயா தோட்டத்துப் பக்கம் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து, அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுச் செதில் உரசுவாள். நான் எதிரே குந்தியிருப்பேன். விரால் வாயில் விரல் விடக் கூடாது, கீறிவிடும். கெண்டை அப்படியில்லை. உள்ளே வழுவழுவென்றிருக்கும், ஒரு பல் கிடையாது. மேலுதட்டைப் பிடித்து இழுத்தால் குழாய்போல முன்னே நீண்டு வரும், விட்டால் மடங்கிக்கொள்ளும்.

"இது எதால ஆயா மெல்லும்?"

அவள் செவுளைப் பிளந்து, பின்னாலிருந்து வளைந்த எலும்பொன்றை நெம்பி எடுத்தாள். சாம்பலைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அதன்மேல் நொய்யரிசிபோலப் பற்கள், வரிசையாக.

"தொண்டையில வச்சிருக்கு பாரு."

அது செவுளைத் தாங்கும் வளைவுகளில் கடைசி வளைவு என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். மூச்சுக்கென்று இருந்த எலும்பு அரைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அரைக்கும் வேலை தொண்டைக்குப் போனதும் வாய்க்கு விடுதலை. பழங்கால எலும்பு மீன்களில் மேல்தாடை கன்னத்தோடு இறுகிக் கிடந்தது, கவ்வத்தான் முடியும். தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தி. பாய்ந்து போய்க் கவ்வினால், பாய்ச்சலில் தள்ளப்படும் தண்ணீரே இரையையும் தள்ளிக்கொண்டு போய்விடும். கன்னத்திலிருந்து கழன்ற தாடை வாயைக் குழாயாக நீட்டி, இமைப்பொழுதுக்குள் தண்ணீரோடு இரையையும் உறிஞ்சிவிடுகிறது. இந்த நீளும் வாயைக் கெண்டைக் குடும்பம் ஒரு வழியிலும், ஜிலேபிக் கெண்டையின் முன்னோர்கள் வேறு வழியிலும் தனித்தனியே கண்டடைந்தன. ஊசுடு ஏரியிலும் பாகூரிலும் வலை போடுகிறவர்களுக்கு வாயைப் பார்த்தாலே மீனின் மேய்ச்சல் தெரியும். கட்லாவின் வாய் மேல்நோக்கியிருக்கும், மேல்தண்ணியில் மேயும். மிர்காலின் வாய் கீழ்நோக்கி, சேற்றில்.

தொண்டையில் இன்னொரு தாடை இருப்பதால்தான் முன்தாடை இத்தனை வடிவங்களை எடுக்க முடிந்தது என்று 1973-ல் மீன் ஆய்வாளர் காரல் லீம் எழுதினார். ஜிலேபியின் குடும்பத்தை வைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு 1952-ல் இந்தியாவுக்கு வந்த அந்த மீனின் தாய், முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கிறாள். அத்தனை நாளும் பட்டினி கிடக்கிறாள். தின்பதற்கென்று வந்த உறுப்பு அவளுக்குத் தொட்டிலாகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆயாவுக்கும் அப்போது பல் ஒன்றுகூட இல்லை. வெற்றிலையைச் சின்ன இரும்புரலில் இடித்துத்தான் போட்டுக்கொள்வாள். மெல்லும் வேலை உரலுக்குப் போய்விட்டது. அவள் வாயோ விடிய விடியக் கதை சொல்லும்.

இன்னும் பின்னே போனால், சீனாவின் யுன்னானில் கிடைத்து 2013-ல் உலகுக்குத் தெரியவந்த எண்டெலோக்னாதஸ் என்ற மீன். வயது ஏறக்குறைய 41.9 கோடி ஆண்டு. நம் முகத்துத் தாடை எலும்புகளின் ஆதி வடிவம் அதில் தெரிகிறது. அந்த நெடுவழியில் கரையேறிய கிளை ஒன்றில்தான் நாம் வந்தோம். வரும் வழியில் தாடைக்குப் புதுக்கீல் அமைந்தது. பழைய கீல் எலும்புகள் என்ன ஆயின? 1837-ல் ரைக்கெர்ட் என்ற உடற்கூறு ஆய்வாளர் பன்றிக் கருக்களை அறுத்துப் பார்த்து விடை சொன்னார். அவை காதுக்குள் போயிருந்தன. சுத்தி, பட்டடை என்று பள்ளியில் படித்தோமே, அவைதான். மீனின் தாடையை மண்டையோட்டோடு தாங்கிப் பிடித்த எலும்பு, மூன்று மில்லிமீட்டர் அங்கவடியாகச் சுருங்கி அவற்றின் பக்கத்தில் நிற்கிறது.

இப்போது கெண்டை அரியும்போது கடைவாயில் விரல் வைத்து அந்தக் கீலை அசைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு தலைமுறைக்கு முன் இரையைக் கவ்விய எலும்புகள், ஆயாவின் கதையை எனக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

போன ஐப்பசியில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தண்ணீர் வந்து ஏரி நிறைந்திருந்தது. இருட்டின பிறகு கரைமேல் போய் நின்றேன். தூரத்தில் ஒரு விரால் எதையோ அடித்தது. 'ப்ளக்' என்று ஒரே ஒரு சத்தம்.