பானைக்குள் விழாத சீட்டு

ராக் ரசிகர்களுக்கு ஆண்டுக் கணக்குப் பைத்தியம் உண்டு. 1991 என்றால் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’, 1997 என்றால் ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ என்று விடிய விடியச் சண்டை போடுவார்கள். சென்னையின் மாற்று இசைக்கு அப்படி ஓராண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 2017 ஜனவரிக்கும் 2018 ஜனவரிக்கும் இடைப்பட்ட காலத்தைச் சொல்லலாம். தொடக்கத்தில் ஒரு பாடல், முடிவில் ஒரு மேடை. இரண்டிலும் ‘குரங்கன்’ ராக் குழுக்காரர்களின் கை இருந்தது. (ஆல்பம் எங்கே என்று கேட்பவர்கள் பொறுத்தருள்க.)

பாடல், ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. குரங்கனின் கபேர் வாசுகி மெட்ராஸ் பேச்சுத் தமிழில் எழுதினார். ஆர்.கே. ஸ்ரீராம்குமார் அதை ஆனந்தபைரவி, பேகடா என்று ராகமாலிகையாக அமைக்க, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடினார். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகம்தான் அதன் களம். ஏரியும் கழியும் ஒருவருக்கும் சொந்தமில்லை, ஆகவே எல்லோருக்கும் சொந்தம் என்பது அதன் வாதம். சாமியைப் பாடிய ராகம் சாம்பலைப் பாடலாமா என்று சபா வட்டாரத்தில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். அது சின்னக் கேள்வி. பெரிய கேள்வி அடுத்த ஜனவரியில் வந்தது.

2018-இல் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், குரங்கனின் இன்னொருவரான டென்மா ஒருங்கிணைத்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் மேடையேறியது. கானா, பறை, ராப், எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் சேர்ந்த கூட்டம் அது. பொதுச்சொத்து பறிபோகிறது என்று முதல் பாடல் அழுதது. அந்தப் பொதுவுக்குள் எங்களை எப்போது சேர்த்தீர்கள் என்று இவர்கள் கேட்டார்கள்.

இந்த இரண்டு குரல்களும் மோதும் இடம் எண்ணூருக்கு வடக்கே இருக்கிறது, பழவேற்காட்டு ஏரியில். அங்கே ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. கழி ஊன்றிச் சுத்து வலை கட்டி இறால் பிடிக்க எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் பாயும் இடத்தில் கூடை நிறையும். தள்ளிப் போனால் வலை நனைந்ததுதான் மிச்சம். ஆகவே நல்ல இடம் யாருக்கும் நிலையாகக் கிடையாது. முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். இன்று உனக்கென்றால் நாளை எனக்கு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போன்ற வழக்கம் உண்டு. அங்கே இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள்.

சீட்டை நம்பும் மனசு நம்மிடம் ஆழமானது. கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பதும் திருவுளச்சீட்டு எடுப்பதும் அதனால்தான். தகுதி இன்னதென்று மனிதன் தீர்ப்புச் சொன்னால் அடிதடி; சீட்டு விழுந்தால் சாமி சொன்னதாகிவிடும், தோற்றவனுக்கும் மனம் ஆறும். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் யார் பெயரெல்லாம் பானைக்குள் போகிறது என்பதைச் சாமி முடிவு செய்வதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைக்கு மேடை புகழ்கிறோம். ஓலையைக் குடத்தில் போடுவதற்கு முன்பே சொந்த நிலம், சொந்த மனை, வேதப் பயிற்சி என்று சல்லடை போட்டுவிட்டார்கள் என்பதையும் அதே கல்வெட்டு ஒளிக்காமல் சொல்கிறது.

பழவேற்காட்டிலும் அப்படியே. மாதாவைக் கும்பிடும் குப்பமும் அம்மனைக் கும்பிடும் குப்பமும் பாடு முறைக்குள் ஒன்றாக அடங்குகின்றன. மதம் அங்கே கதவை மூடவில்லை, சாதி மூடியது. உரிமை, மரபுவழி மீனவச் சாதியின் குறிப்பிட்ட குப்பங்களுக்கு மட்டும். பிறகு மீன்பிடிக்கு வந்த தலித்துகள் கேட்டபோது தகராறுதான் மிஞ்சியது. இருளர்கள் வலையே இல்லாமல் ஆழம் குறைந்த நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் எடுக்கிறார்கள். எண்ணூர்க் கழியில் சாம்பல் படியும்போது அது நேராக வந்து சேர்வது இப்படித் துழாவும் கைகளுக்குத்தான்.

அதற்காகப் பாடு முறையை உடைத்தெறிந்தால் ஏரி ஏழைக்கு வந்துவிடாது; கட்டுப்பாடு போன நீரைப் பணக்காரன் வளைப்பான். பொதுவைக் காப்பாற்றியதும் அதற்கு வேலி போட்டதும் ஒரே முறை. புறம்போக்குப் பாடல் முதல் பாதியைப் பாடியது, மெய்யாகவே அழகாக. இரண்டாம் பாதிக்கு கானாக்காரர்கள் வர வேண்டியிருந்தது. அந்த ஓராண்டுக்குப் பட்டியல் போட்டால் முதலிடம் அவர்களுக்குத்தான்.

‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற பெயர் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரிடமிருந்து வந்தது. சாதிபேதமற்றவர்கள் என்பது அவர் ஆண்ட சொல். 1898-இல் அவர் பௌத்தம் தழுவினார். சீட்டு எப்படி விழுந்தாலும் திருவுளம் என்று கைகாட்டி ஒதுங்க முடியாத மார்க்கம் அது. படைத்தவன் மீது பழி போட அங்கே வழியில்லை. பானைக்குள் ஒரு பெயர் விழவில்லையென்றால் அதைப் போடாத கை யாருடையது என்றுதான் தேட வேண்டியிருக்கும்.