ஏவலில் கற்ற மொழி

1669ஆம் ஆண்டு பிரான்சின் அமைச்சர் கோல்பேர் ஓர் ஏற்பாடு செய்தார். பையன்களைத் தேர்ந்தெடுத்துக் கான்ஸ்டாண்டினோப்பிளுக்கு அனுப்புவது, அங்கே கப்புச்சின் துறவிகளின் மடத்தில் தங்கவைத்துக் கீழைமொழிகளைப் படிப்பிப்பது, வளர்ந்ததும் தூதரகத்துக்கும் வணிகர்களுக்கும் துபாஷிகளாக்கிக்கொள்வது. ‘மொழிப் பிள்ளைகள்’ என்றே அவர்களுக்குப் பெயர். பெண் பிள்ளைகள் அதில் இல்லை. பிறகு 1795இல் புரட்சி அரசு பாரிஸில் கீழைமொழிகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கியபோது காரணத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது: அரசியலுக்கும் வணிகத்துக்கும் பயனுள்ள மொழிகளைக் கற்பிப்பதற்காக. அந்தப் பள்ளிதான் இன்று இனால்கோ என்று அறியப்படும் நிறுவனம். ஏறக்குறைய நூறு மொழிகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன, தமிழும் அவற்றில் ஒன்று. ஒரு மொழியோடு பன்னாட்டு உறவுகளையும் சேர்த்துப் படிக்கலாம்.

நம் நாட்டிலும் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில்தான் வளர்ந்தன. 1955இல் டெல்லியில் பன்னாட்டு ஆய்வுகளுக்கான பள்ளி தொடங்கப்பட்டது. 1970இல் அது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அயல்மொழிகளுக்கான பள்ளியும் அதே வளாகத்தில் உண்டு. வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகும் ஒவ்வொருவரும் கட்டாயமாக ஓர் அயல்மொழி கற்க வேண்டும் என்பது அரசு விதி. மொழி ஒரு கருவி, அதைக் கையாளத் தெரிந்தவர் அரசுக்குத் தேவை. 1795இன் நியாயம் இன்னும் மாறவில்லை.

நான் தமிழ் படித்தவள், தமிழ் கற்பிப்பவள். இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்து வந்தவள் என் பழைய மாணவி ஒருத்தி. எங்களிடம் இளங்கலைத் தமிழ் முடித்துவிட்டு, வட இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளில் முதுகலை சேர்ந்தாள். கூடவே அரபி. விடுமுறையில் வரும்போதெல்லாம் வகுப்புக் கதைகள் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன், எனக்குள் ஒரு கேள்வி வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு மொழியை எதற்காகக் கற்கத் தொடங்கினோமோ, அந்த நோக்கம் அந்த மொழியிலேயே தங்கிவிடுமா? அதிகாரத்துக்காகக் கற்றுக்கொடுக்கப்பட்ட மொழியில் அதிகாரம் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்ல முடியுமா?

அவள் கையில் இருந்தது ‘அல்-கிதாப்’ என்ற பாடநூலின் நகல். உலகெங்கும் அரபி கற்பவர்களுக்கு அறிமுகமான புத்தகம். அதன் நாயகி மஹா நியூயார்க்கில் இருப்பவள். அவள் அப்பா ஐக்கிய நாடுகள் சபையில் மொழிபெயர்ப்பாளர். ஆகவே தண்ணீர், சோறு, வலி போன்ற சொற்களுக்கு முன்பே ‘ஐக்கிய நாடுகள் சபை’ என்ற சொல் மாணவர்களுக்கு வந்துவிடும். இது அரபி மாணவர்களிடையே பழைய நகைச்சுவை. என் மாணவி சிரிக்கவில்லை. “அம்மா, எனக்கு அரபில பசிக்குதுன்னு சொல்ல வராது. பாதுகாப்பு கவுன்சில்னா சொல்லிடுவேன்” என்றாள்.

அது மொழி வகுப்பு. மறு வகுப்பில், பன்னாட்டு உறவுகளில், அவள் கற்றது இன்னொரு அயல்மொழி என்பது என் எண்ணம். பாடத்திட்டத்தில் அதை மொழி என்று யாரும் குறிப்பதில்லை. இந்தியா கவலை தெரிவித்தது. ஈரான் எச்சரித்தது. அமெரிக்கா பொறுமை இழக்கிறது. அந்த மொழியின் எழுவாய்கள் நாடுகள். அவை அஞ்சும், கோபப்படும், முகம் காப்பாற்றிக்கொள்ளும். தமிழில் சொன்னால் வினைமுற்று ‘து’வில் முடிந்து எல்லாம் அஃறிணை என்று காட்டிக்கொடுத்துவிடும், ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. உணர்ச்சிகளையெல்லாம் அஃறிணைக்குக் கொடுத்துவிட்ட பிறகு உயர்திணைக்கு மிஞ்சுவது எண்ணிக்கைதான். இத்தனை பேர் இறப்பு, இத்தனை பேர் இடப்பெயர்வு.

இதை எனக்கு முன்பே, என்னைவிடக் கூர்மையாகப் பார்த்தவர் கேரல் கோன். 1984இல் அமெரிக்காவில் அணு ஆயுத வியூகம் வகுப்பவர்களின் பயிலரங்கு ஒன்றுக்குப் போனார்; பிறகு ஏறத்தாழ ஓராண்டு அவர்களிடையே இருந்து அவர்கள் பேச்சைக் கற்றார். 1987இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை பெண்ணியச் சிந்தனையில் இன்றும் பேசப்படுவது. அவர் கண்டது இது: அந்தக் குழூஉக்குறி தெரியாமல் பேசினால் விவரம் தெரியாதவள் என்று ஒதுக்குகிறார்கள். அதைக் கற்றுக்கொண்டு பேசினாலோ மரியாதை கிடைக்கிறது, ஆனால் தான் கேட்க வந்த கேள்வியை அதில் கேட்க வழியில்லை. அந்த மொழியில் எல்லாம் ஆயுதத்திலிருந்து பார்க்கப்படுகிறது. எது அழிந்தால் எது மிஞ்சும், எது எதைத் தாக்கும். மனித உடல் ‘பக்கச் சேதம்’. சமாதானம் என்ற சொல்லே அங்கே கிடையாது. அதற்குக் கிட்டத்தில் வருவது வியூக நிலைத்தன்மை. இதைவிட அவரைப் பயமுறுத்தியது வேறொன்று: அந்த மொழியைப் பேசுவதில் இருந்த குதூகலம். வேகமாக, துள்ளலாக, தேர்ந்தவளாக உணரவைத்தது அது.

(1998 மே மாதம் பொக்ரானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளுக்கு நாம் வைத்த பெயர் ‘சக்தி’. ஏவுகணை ஒன்றுக்குப் பிருத்வி, அதாவது பூமித்தாய். பெயர் வைப்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.)

இந்த மொழியைப் பேசும் உரிமை பெண்ணுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். திருமணம் செய்துகொண்டால் விலகிவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். விதிகளும் அப்படித்தான் இருந்தன: பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்புகள் வேலைக்குத் தடையாகும் என்று அரசு கருதினால் திருமணத்துக்குப் பிறகு அவளை விலகச் சொல்லலாம், திருமணமான பெண் இந்தப் பணியை உரிமையாகக் கோர முடியாது. ஆணுக்கு இதில் எதுவும் இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த விதிகளின் ஆணாதிக்கத்தைப் பெயர் சொல்லியே கண்டித்தது.

இந்த விதிகளின் உள்ளே இருப்பது வீட்டைப் பற்றிய பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாட்டுக்காகப் பேசுகிறவளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கக் கூடாது. ஆண் தூதருக்கு வீடு உண்டு, விருந்து உண்டு, அதை நடத்த ஊதியமில்லாத மனைவி உண்டு. ஆனால் வீடு என்பது பன்னாட்டு உறவுகளுக்கு வெளியே இருக்கும் இடம் என்பதுதான் பாடம்.

என் மாணவியின் சித்தி ஒன்பது ஆண்டுகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். கடலூர்ப் பக்கம். போன புதிதில் அந்த வீட்டு மேடம் “தஆலி, தஆலி” என்று கூப்பிட, சித்தி தன் கழுத்துத் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். எதற்கு இதைக் கேட்கிறாள் என்று திகில். ‘வா’ என்று அர்த்தம், பெண்ணைப் பார்த்துச் சொல்லும் ‘வா’. அரபியில் ஏவலுக்கும் பால் உண்டு. ஆணை அழைக்க ஒன்று, பெண்ணை அழைக்க ஒன்று. வா, போ, கொண்டு வா, துடை, சீக்கிரம், பேசாதே. சித்தியின் அரபி முழுவதும் இதுதான், எல்லாம் பெண்பால் ஏவல். தான் போனதைச் சொல்லவும் ‘போ’தான், கடைக்காரன் வந்ததைச் சொல்லவும் ‘வா’தான், கடைக்காரன் சிரிப்பானாம். மாணவி தன் பாடநூலைக் கொண்டுபோய்ச் சித்தியோடு அரபியில் பேசிப் பார்த்தாள். ஒரு வாக்கியம்கூட இருவருக்கும் பொதுவாக அமையவில்லை.

இது சித்தி ஒருவரின் குறை அல்ல. ஃபிதா பிஸ்ரி என்ற மொழியியலாளர் லெபனானில் வேலை செய்யும் இலங்கைப் பெண்களின் அரபியை ஆராய்ந்து 2010இல் ஒரு நூல் எழுதினார். ‘பிட்ஜின் மேடம்’ என்று அந்த மொழிக்குப் பெயர் வைத்து, அடிமைத்தனத்தின் இலக்கணம் என்று துணைத்தலைப்பும் கொடுத்தார். அதில் வினைச்சொற்கள் பெரும்பாலும் பெண்பால் ஏவல் வடிவிலேயே உறைந்துபோயிருக்கின்றன. காரணம் எளியது. அந்தப் பெண்களின் காதில் விழுந்த அரபி அது மட்டும்தான். யாரும் அவர்களிடம் எதையும் விவரிக்கவில்லை, கேட்கவில்லை, நினைவுகூரவில்லை. கட்டளையிலிருந்து ஒரு மொழியைக் கட்டி, அந்த ஏவலையே ‘நான்’ என்பதோடு சேர்த்துத் தங்கள் வாழ்க்கையைச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது ஒரு விதத்தில் பழக்கமானது. நன்னூல் வினைப்பகுதிகளாக அடுக்குபவை ஏவலோடு ஒத்த வடிவில் உள்ள நட, வா போன்றவைதாம். ஆனால் நமக்கு அதன்மேல் காலம், இடம், பால் என்று விகுதிகள் ஏறும். அங்கே எதுவும் ஏறவில்லை.

மாணவி இதைத் தன் ஆய்வேடாக்க விரும்பினாள். வளைகுடாவிலிருந்து திரும்பிய பெண்களின் அரபியைப் பதிவு செய்வது, அதன் வழியே அந்த வீடுகளில் இரண்டு நாடுகள் எப்படி உறவாடின என்று பார்ப்பது. பன்னாட்டு உறவுகள் பக்கம் சொன்னார்கள், இது சமூகவியல். மொழித் துறையில் சொன்னார்கள், இது அரபியே அல்ல, பிழைகளின் தொகுப்பு. இரு துறைகளையும் இணைப்பதாகச் சொல்லும் படிப்பில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் சித்தி நிற்கிறார்.

இதில் எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒப்பந்தங்கள் ஏட்டு அரபியில் எழுதப்படுகின்றன. அதைப் படிக்கத் தெரியாத தூதர், சித்தியின் வழக்கைக்கூட நடத்த முடியாது. என் சகா ஒருவர் இதைச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. ஆனால் “இது அரசுகளுக்கிடையிலான விஷயம் அல்ல” என்ற வாதத்தை ஏற்க மாட்டேன். வீட்டு வேலைக்காக அந்த நாடுகளுக்குப் போகும் பெண்ணுக்கு முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதித்திருப்பது இந்திய அரசு. வீட்டுத் தொழிலாளர் உரிமைக்கான 2011ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையை உறுதிசெய்து ஏற்காமல் இருப்பதும் இந்திய அரசு. சித்தியின் வயதும் உடம்பும் ஊதியமும் ஏற்கெனவே இரு நாடுகளின் கோப்புகளில் இருக்கின்றன. அவர் பேசிய மொழிக்கு மட்டும்தான் இடமில்லை.

தூது என்றதும் தமிழ் படித்தவர்கள் அவ்வையிடம்தான் போய் நிற்போம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அங்கே ஆயுதங்கள் பூச்சூடி நெய்பூசி அழகாக இருப்பதாகவும், தன் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகவும் பாடினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இகழ்வதுபோல் புகழ்ந்தார், போரைத் தடுத்தார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்போம். நானும் ஆண்டுதோறும் சொல்கிறேன். ஆனால் கேரல் கோனைப் படித்த பிறகு அந்தப் பாட்டு கொஞ்சம் உறுத்துகிறது. எங்கள் ஆயுதங்கள் உபயோகத்தில் இருப்பவை என்பது மிரட்டல்தானே? அவ்வை பேசியது ஆயுதத்தின் மொழி, அதுவும் சரளமாக.

ஆனால் பாட்டின் நடுவில் வேறொன்றும் இருக்கிறது. அதியமானைப் பற்றிச் சொல்ல வரும்போது, இருந்தால் உணவு கொடுப்பவன், இல்லாவிட்டால் இருப்பதைக் கூட உட்கார்ந்து உண்பவன், இல்லாதவர்களின் தலைவன் என்கிறார். ஆயுதக் கொட்டிலுக்குள் நின்றுகொண்டு சோற்றைப் பற்றி ஒரு தூதர் பேசுகிறார். இலக்கணப்படி பார்த்தால் வாக்கியத்தின் எழுவாய் வேல்தான், பாட்டின் கடைசிச் சொல்லும் அதுவே. சோறு, அரசனுக்கு அடைமொழியாக உள்ளே ஒண்டிக்கொண்டு வருகிறது. இடம் சிறியதுதான். ஆனால் அந்த இடத்தைப் பிடிக்க அவ்வைக்கு வேலைப் பற்றிப் பேசத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. மாணவியிடம் படிப்பை விட்டுவிடாதே என்று நான் சொன்னதற்குக் காரணம் இந்தப் பாட்டு. அந்தக் குதூகலத்தை நினைத்து அச்சமும் இருந்தது, அதையும் சொன்னேன்.

ஆய்வேட்டுத் தலைப்பை அவள் இப்போது மாற்றியிருக்கிறாள். புலம்பெயர் தொழிலாளர் குறித்த இருதரப்பு ஒப்பந்தங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டாள். நான்காம் அத்தியாயத்தில் சித்தியும் இன்னும் பதினொரு பெண்களும் வருகிறார்கள். வெளியுறவுப் பணித் தேர்வுக்கும் படிக்கிறாள். இதைக் கேள்விப்பட்ட சித்திக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். குவைத்தில் ஒருமுறை சம்பளம் வராமல் தூதரகம் வரை போயிருக்கிறார். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்டிருக்கிறார், இவர் தெரிந்த அரபியில் பதில் சொல்லியிருக்கிறார். அதாவது அந்த அதிகாரியைப் பார்த்து, பெண்பாலில், வா, கொண்டு வா, கொடு என்று. “நான் அதிகாரம் பண்றேன்னு நெனச்சிட்டான் போலருக்கு” என்றார் சித்தி. “இவ உக்காந்தா என்னை உள்ள விடுவாளா?”