ஓடியது வீணா?

தல்லாகுளத்தில் பொழுது விடிவதற்கு முன்பே ஓடத் தொடங்குகிறவர்கள் உண்டு. ரேஸ்கோர்ஸ் மைதானத்தை ஒட்டிய சாலைகளில் காலை ஐந்து மணிக்கே காலடி ஓசை கேட்கும். சர்க்கரை நோய்க்கு அஞ்சி நடக்கும் பெரியவர்கள் ஒருபுறம். காவல்துறை, இராணுவம், இரயில்வே என்று ஏதேனும் ஒரு சீருடையைக் கனவு காணும் இளைஞர்கள் மறுபுறம். முதல் வகையினர் சிரித்துப் பேசியபடி செல்வார்கள். இரண்டாம் வகையினர் பேசுவதில்லை.

அவர்களுள் ஒருவன் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோயில் வாசலில் எனக்காகக் காத்து நின்றான். காவலர் தேர்வுக்காக இரண்டு ஆண்டுகள் பயிற்சி செய்தவன். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது விதி. அவன் அதற்கும் வெகு முன்னதாகவே ஓடி முடித்தான். கயிறு ஏறினான், நீளம் தாண்டினான். இறுதிப் பட்டியலில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் விடுபட்டுப் போனான். வயது வரம்பும் அத்தோடு கடந்துவிட்டது.

"சாமி, ரெண்டு வருஷம் விடியக்காலையிலே எழுந்து ஓடினேனே, அதெல்லாம் வீண்தானா?" என்று கேட்டான்.

"ஆண்டவர் உனக்கென்று வேறொன்றை வைத்திருப்பார், தம்பி" என்றேன். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அது மரியாதைக்காகச் சொன்ன 'சரி' என்பது எனக்குத் தெரியும். அன்று காலைதான் நான் புனித பவுல் அடிகளாரின் ஓட்டப் பந்தய உவமையை எடுத்துக்கொண்டு, பரிசு பெறும்படி ஓடுங்கள் என்று பீடத்திலிருந்து முழங்கியிருந்தேன். பரிசு பெறாதவன் வாசலில் வந்து நின்றபோது, அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியத்துக்கு மேல் இல்லை.

இத்தகைய வேளைகளில் நாம் வழக்கமாகச் சொல்லும் மறுமொழிகள் இரண்டு. ஒன்று, நான் சொன்னது: இது போனால் வேறொன்று வரும். வருமா என்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. வந்தாலும், அது அவன் கேட்ட கேள்விக்கு விடையாகாது. கடந்துபோன இரண்டு ஆண்டுகளைப் பற்றியல்லவா அவன் கேட்டான்? மற்றொன்று, முயற்சியே முயற்சிக்குப் பரிசு என்பது. கேட்க இனிமையானது. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தமக்குரிய பரிசை ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள். திருவள்ளுவர் இவ்விடத்தில் நம்மைவிட எச்சரிக்கையானவர். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் உடல் வருந்திய உழைப்பைக் குறித்துப் பேசும்போது அவர் 'கூலி' என்னும் சொல்லையே ஆள்கிறார். கூலி என்பது வயிற்றோடு தொடர்புடைய சொல்.

மதுரைக்குக் கிழக்கே உள்ள சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். சிறுவயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். வயல் வேலைக்கும் செங்கற்சூளைக்கும் போய் வந்த பாட்டியே வளர்த்தார். பெண்பிள்ளையை ஓட அனுப்புவதா, வேலைக்கு அனுப்பினால் நாலு காசு வருமே என்று உற்றார் சொன்னதைப் பாட்டி கேட்கவில்லை. பயிற்சியாளர் கண்ணன் அந்தப் பிள்ளையின் ஓட்டத்தைக் கண்டு, பாட்டியிடம் பேசி, அவரை மைதானத்துக்கு அழைத்து வந்தார். தொடக்கத்தில் காலணியின்றியே ஓடினார் ரேவதி. படித்தது நம் தல்லாகுளத்து லேடி டோக் கல்லூரியில். 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தகுதி ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 வினாடிகளில் ஓடி, டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்ட அணியில் இடம் பெற்றார். முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் என்னும் நால்வருள் மூவர் தமிழர். மதுரையே மகிழ்ந்தது.

அதே மாதம் 30ஆம் நாள் பந்தயம் நடந்தது. இந்திய அணி 3 நிமிடம் 19.93 வினாடிகளில் ஓடி, தன் பிரிவில் கடைசியாக வந்தது.

கடைசியானோரைப் பற்றிய ஆண்டவரின் வாக்கை இங்கே உடனே எடுத்துப் போட மறையுரையாளனின் நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்கிறேன். கடைசி என்றால் கடைசிதான். அதைச் சொல்லாமல் மறைப்பது அந்த நால்வருக்கும் செய்யும் மரியாதை ஆகாது. ஆனாலும் செங்கற்சூளைக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஓடப்பட்ட அத்தனை தூரமும் அந்தக் கடைசி இடத்தால் அழிந்துவிட்டதா? அழிந்தது என்று சொல்ல நம்மில் எவருக்கும் மனம் வராது. ஏன் வரவில்லை? நம் இரக்கத்தால் மட்டும்தானா, அல்லது அதில் ஓர் உண்மை இருக்கிறதா?

அதே டோக்கியோவில், ஆகஸ்ட் 6ஆம் நாள், ஆடவர் தொடரோட்டத்தில் இதே ஆரோக்கிய ராஜீவ் மற்ற மூவருடன் மீண்டும் ஓடினார். நேரம் 3 நிமிடம் 0.25 வினாடி. அதுவரை ஆசியக் கண்டத்தின் எந்த அணியும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. ஆயினும் இறுதிப் பந்தயத்துக்கு எட்டு அணிகளே தகுதி பெறும். நம் அணி ஒன்பதாவது. ஆசியச் சாதனையும் வெளியேற்றமும் ஒரே ஓட்டத்தில்! லால்குடிப் பகுதியைச் சேர்ந்த இந்த வீரரின் வாழ்வில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் ஓடிய கலப்பு அணிக்கு வெள்ளி கிடைத்தது. முதலாவதாக வந்த பஹ்ரைன் அணியின் வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்துக் குற்றத்தில் சிக்கியதால், 2020இல் அந்த வெள்ளி தங்கமாயிற்று. இரண்டாண்டுகளுக்குப் பின் பரிசு மாறியது. ஓட்டம் மாறியதா? அன்று ஓடிய ஓட்டத்தில் ஓர் அடிகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வைகைச் சமவெளியில் இருந்துகொண்டு பனியைப் பற்றிப் பேசுவதை வாசகர் பொறுத்தருள்க. பின்லாந்து நாட்டில் பயத்லான் என்றொரு விளையாட்டு பெயர் பெற்றது. முதுகில் துப்பாக்கியுடன் பனிச்சறுக்கு மட்டைகளில் மூச்சு வாங்க விரைய வேண்டும். பிறகு சட்டென்று நின்று, 50 மீட்டருக்கு அப்பாலுள்ள ஐந்து சிறு இலக்குகளைச் சுட வேண்டும். படுத்தபடி சுடும்போது இலக்கின் அகலம் 45 மில்லிமீட்டர்தான். நெஞ்சு படபடக்கும்போதே கை அசையாதிருக்க வேண்டும். மார்த்தாவாக ஓடி வந்து, மூச்சு ஆறுவதற்குள் மரியாவாக அமர வேண்டிய விளையாட்டு இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தவறிய குண்டு ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலான பந்தயங்களில் 150 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வர வேண்டும்.

இதில் கைசா மேகாரைனன் என்னும் பின்லாந்துப் பெண்மணி 2011இல் உலகச் சாம்பியன் ஆனார். ஒரு குளிர்காலம் முழுவதும் நடக்கும் பந்தயங்களின் மொத்தப் புள்ளிகளுக்கு வழங்கப்படும் உலகக் கோப்பையை மூன்று முறை வென்றார்: 2011, 2014, 2018. பின்னிரண்டும் ஒலிம்பிக் ஆண்டுகள். அதாவது, அந்தக் குளிர்காலங்களில் அவரை மிஞ்சியவர் எவருமில்லை. ஆனால் நான்காண்டுக்கு ஒருமுறை வரும் அந்த இரண்டு வாரங்களில் மட்டும் பதக்கம் அவரிடம் வரவில்லை. மூன்று ஒலிம்பிக்குகளில் பங்கேற்றும் ஒரு பதக்கமும் இன்றி, 2020 மார்ச்சில் கொந்தியோலாஹ்தியில், கொள்ளைநோய் காரணமாகப் பார்வையாளர் இல்லாத மைதானத்தில், தம் கடைசிப் பந்தயத்தை முடித்து ஓய்வு பெற்றார். அவரை 'ஒலிம்பிக் பதக்கம் பெறாதவர்' என்று அறிமுகப்படுத்துவோர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாழ்வை அதில் இல்லாததைக் கொண்டு பெயரிடுகிறார்கள்.

குருமடத்தில் படித்த பாடம் ஒன்று இங்கே உதவுகிறது. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் செயல்களை இருவகையாகப் பிரிப்பார். ஒருவகைச் செயல் செய்பவனைவிட்டு வெளியேறி ஒரு பொருளில் போய் முடிகிறது: அறுத்தல், சூடாக்குதல், கட்டுதல். வீடு எழும்பாவிட்டால் கட்டியது வீண்தான். மற்றொருவகை, செய்பவனிடமே தங்கி அவனையே நிறைவாக்குகிறது: அறிதல், விரும்புதல் போன்றவை. செபத்தையும் இவ்வகையில் சேர்க்கலாம். ஓட்டம் எந்த வகை? பரிசுக்காக ஓடும்போது அது முதல் வகை போலத் தோன்றுகிறது. ஆனால் இரண்டாண்டுக் காலைகளில் ஓர் இளைஞன் தன் சோம்பலை வென்றது, மனம் தளர்ந்த நாளிலும் எழுந்து போனது, உடன் ஓடியவனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்தது ஆகிய இவை எந்தப் பட்டியலிலும் சேராமல் அவனிடமே தங்கிவிட்டன. அவற்றை எவரும் பறிக்கவும் முடியாது, ஒரு மதிப்பெண் குறைவும் அவற்றைத் தொடாது.

இந்த இடத்தில் கட்டுரையை நான் முடித்திருக்கலாம். எழுதி வைத்து, இரண்டு நாள் கழித்துப் படித்தபோது வெட்கமாயிருந்தது. செங்கற்சூளையில் நின்ற அந்தப் பாட்டியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், மனத்துக்குள். "எல்லாம் சரிங்க சாமி, ராத்திரி உலை வைக்க என்ன?" என்று அவர் கேட்பார். ரேவதிக்கு ஓட்டம் தென்னக இரயில்வேயில் ஒரு வேலையைத் தந்தது. ஏழையின் பந்தயத்தில் பரிசு என்பது பதக்கம் அன்று. சோறு, வாடகை, தங்கையின் திருமணம். உன் செயல் உன்னிடமே தங்கிவிட்டது என்பது உண்மைதான்; பசியும் அவனிடமேதான் தங்கியிருக்கிறது.

அப்போதுதான் திராட்சைத் தோட்டத்து உவமை வேறு விதமாக எனக்குத் தெரிந்தது. மாலை ஐந்து மணிவரை கூலிக்கு எவரும் அழைக்காமல் சந்தையில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். நம் ஊர்ச் சந்திப்புகளில் தூக்குச்சட்டியோடு காத்து நிற்கும் கொத்தனாரும் சித்தாளும் போன்றவர்கள். நிலக்கிழார் அவர்களுக்கும் ஒரு தெனாரியம் தந்தார். அது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கூலி. அளந்து கொடுத்திருந்தால் அன்றிரவு பிள்ளைகள் அரைப்பட்டினி. ஆக, வென்றவனுக்குப் பரிசு என்பது பந்தயத்தின் நீதி. உண்பதற்கு வழி என்பது வேறொரு நீதி. அதைப் பந்தயத்தில் வென்றால்தான் தருவோம் என்று யார் விதித்தது? 'ஓடியது வீணா' என்ற கேள்வியில் ஒரு பாதிக்குத்தான் தத்துவம் விடை சொல்கிறது. மறுபாதி அவனை நோக்கியதன்று; என்னையும் என் பங்கையும் நோக்கியது.

ஒரு மாதம் கழித்து அவனைத் தேடிப் போனேன். மாட்டுத்தாவணியில் இரவு நேரத்தில் காய்கறி மூட்டை இறக்குவதாக அவன் தாயார் சொன்னார். மாலையில் அவனே வந்தான். நான் சிந்தித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அக்குவினாஸின் பெயரைச் சொல்லாமல்தான். பொறுமையாகக் கேட்டான். தன்னிடம் தங்கியது என்னவென்று தனக்கும் தெரியும் என்றும், இப்போதும் வேலை முடிந்து வரும் வழியில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டே வீட்டுக்குப் போவதாகவும் சொன்னான். பிறகு தயங்கியபடி, "சாமிக்குத் தெரிஞ்ச இடத்திலே ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்றான்.

அவன் எண்ணை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். பங்குப் பேரவையில் இருமுறை பேசிவிட்டேன். மூன்று பேரிடம் நேரில் கேட்டிருக்கிறேன். இதை எழுதும் இன்றுவரை ஒன்றும் அமையவில்லை.