நட்சத்திர ரோமம்

"எல்லாரும் ஒண்ணுன்னு குரு சொன்ன நாட்டுல இருந்துக்கிட்டு, ரோமத்தப் பாத்து இது வேற, அது வேறன்னு தள்ளுதியே மக்களே, சரியா?"

கேட்டவர் என் சித்தப்பா. பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பக்கமிருந்து பாலராமபுரத்துக்கு வந்து குடியேறிய சாலிய நெசவாளர் வழி. இன்றும் குழித்தறியில் உட்காருகிறார். நான் மூலிகைச் சரக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத் தரம் சொல்லும் வேலையில் இருக்கிறேன். அவர் கேள்வியைச் சாதாரணமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

குறுந்தோட்டியை எடுத்துக்கொள்வோம். குறுந்தோட்டிக்கே வாதமா என்று மலையாளத்தில் பழமொழியே உண்டு. வாதத்துக்கு அவ்வளவு பேர்பெற்ற செடி. அந்தப் பெயரில் சைடா இனங்கள் இரண்டு மூன்று கலந்து வருகின்றன. இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், ஒரே புள்ளியிலிருந்து பல கதிர்கள் விரியும் நட்சத்திர ரோமங்கள். சைடா கார்டிஃபோலியாவில் இவற்றோடு நீண்ட ஒற்றை ரோமங்களும், நுனி உருண்ட சுரப்பி ரோமங்களும் சேர்ந்திருக்கும். தொட்டால் வெல்வெட் போல இருப்பது அதனால்தான். இன்னொரு சைடாவான அரிவாள்மனைப்பூண்டின் இலையோ ஏறக்குறைய மொட்டை. ஆனால் நட்சத்திரம் கண்டதும் முடிவு சொல்லிவிட முடியாது. துத்தியிலும் பருத்தியிலும்கூட அது உண்டு; அதிகம் போனால் குடும்பத்துக்கு ஒரு குறிப்புத்தான். அடர்த்தி, கதிர்கள், கூட இருக்கும் மற்ற ரோமங்கள் எல்லாம் பார்க்க வேண்டும். அவுரிக்கு இரு கை விரித்த ரோமம். துளசிக்கு எண்ணெய் தேங்கிய சுரப்பி. கசக்கினால் அது உடைந்துதான் மணம் வருகிறது.

இனி குரு. 1888இல் நெய்யாற்றங்கரைக்குப் பக்கத்தில், அருவிப்புறத்து ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனைப் பிரதிஷ்டை செய்தவர் ஸ்ரீ நாராயண குரு. வைத்தியமும் அறிந்தவர். இனம் எது என்று தீர்மானிக்க அவர் 'ஜாதி லட்சண'த்தில் எடுத்துக்கொண்ட அடையாளம், கூடி ஈன்று பெருகுவது. உயிரியல் படித்த எனக்கு அதை வாசிக்கையில் உடம்பு சிலிர்த்தது. பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை. உடம்பில் உள்ள அடையாளத்தைப் பார், இல்லாததை ஏற்றிச் சொல்லாதே என்கிறார். மனிதர் மேல் போட்ட ஜாதிப் பிரிவுக்கு உடம்பில் எந்தச் சாட்சியும் இல்லை. இலையின் வேற்றுமைக்கு உண்டு. அது குடிப்பவர் உடம்புக்குள் போய் வேலை செய்கிறது.

சித்தப்பா விடவில்லை. "அப்போ ஒண்ணுங்கிறது எங்கே இருக்கு?"

கஷாயம் குடிக்கிறவர்களிடம் என்றேன். சரக்கைச் சோதிக்கும் வசதி அவர்களுக்கு இல்லை, நம்பித்தான் விழுங்குகிறார்கள். யாராயிருந்தாலும் சரியான செடி கிடைக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கு ஒருவர் குறைந்தவரில்லை. அந்த ஒருமைக்காகத்தான் நான் ரோமங்களைப் பிரித்துப் பார்க்கிறேன். இதை வழிபாடு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

அவருக்கும் முட்டுவலி உண்டு. குறுந்தோட்டிக் கஷாயம்தான் குடிக்கிறார். அதற்குக் கடையில் வாங்கும் நறுக்கிய வேரில் இந்த இலை ரோமங்கள் இருக்காது. குறுக்காகச் சீவித் திசுக்களைத்தான் பார்க்க வேண்டும். அதனால் அடுத்த தடவை கடையில் வேர்த்துண்டு வாங்காமல், இலையோடு முழுச் செடியாகக் கேட்டு வாங்கி, அடுப்பில் வைக்கும் முன் ஒரு கொப்பை எனக்குக் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.