மருந்தா, புற்றுமண்ணா?

வீரகேரளம்புதூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறும் ஒரு தாயை மனக்கண்ணில் பாருங்கள். பக்கத்தில் மகள். சில மாதங்களாகத் தூக்கமில்லை, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். கோமதி அம்மன் சந்நிதிக்கு எதிரே உள்ள ஸ்ரீசக்கரப் பள்ளத்தில் அமர்ந்து பிரார்த்தித்தால் மனக்கலக்கம் தீரும் என்பது நம்பிக்கை. புறப்படும்போது மாமியார் கேட்டுவிட்டார்: "அம்பாளை நம்பித்தானே போற, அப்புறம் மாத்திரை எதுக்கு?"

அந்தத் தாய் நம்மில் யாராகவும் இருக்கலாம். சொல்லுங்கள், மாத்திரை கொடுத்தால் பக்தி குறைந்துவிடுமா?

பதில் அந்தத் தலத்தின் புராணத்திலேயே இருக்கிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள் வாதாடினார்கள். அம்பாள் தவமிருந்தாள். இறைவன் ஒரே திருமேனியில் சங்கரநாராயணராகக் காட்சி தந்தார். ஆடித்தபசு விழா அதைத்தானே கொண்டாடுகிறது! மருந்தா, பிரார்த்தனையா என்று சண்டையிடும் நமக்கும் அதுவே பதில்.

கோயிலுக்கு ஆற்றும் சக்தி உண்டு. தமிழகத்தில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே அரவணைப்பு இருந்தது. ஆனால் மீதி நான்கு பங்கு?

மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகினார்கள். குணமாக வேண்டும் என்று உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்.

இன்னொரு வேதனையும் உண்டு. நோய் தீராவிட்டால், 'உன் வேண்டுதலில் ஏதோ குறை' என்று அந்தத் தாயையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். பிள்ளையின் நோயைப் பெற்றவளின் பக்திக்கு மதிப்பெண்ணாக வைக்கலாமா?

சகோதரிகளே, புற்றுமண் பிரசாதத்தை நெற்றியில் இடுங்கள். மருத்துவர் சொன்ன வேளைக்கு மாத்திரையும் கொடுங்கள். அந்த மருத்துவரின் கையிலும் அம்பாள்தான் இருக்கிறாள் என்று நம்புவது, நம்பிக்கையில் குறைவானதா என்ன?