நான் செத்துட்டேண்ணே

திருச்சி பாலக்கரையில் என் கடை ஆறடிக்குப் பத்தடி. இன்று அதில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறேன். 2006-லிருந்து ஆறு வருஷம் அதே இடத்தில் மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு வீடியோ கேம் ஆட விட்டேன். ஒரு பிளேஸ்டேஷன் 2, இரண்டு பி.எஸ்.பி. பி.எஸ்.பி. என்பது கையிலேயே வைத்து ஆடுவது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடலாம் என்பதால், தண்ணீர்ப் பந்தல் டம்ளர் மாதிரி இரண்டையும் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டியிருந்தேன்.

பையன்கள் அதிகம் கேட்டது ஸ்பைடர்மேன். ஆடி முடித்ததும் வாசல் படியில் விமரிசனம் தொடங்கும். கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிறதே, அதற்கே இருபது ரூபாய் தகும் என்பான் ஒருவன். சண்டை என்றால் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான், அதற்கு என் தங்கச்சி போதும் என்பான் இன்னொருவன். நான் சால்டரிங் வைத்துக்கொண்டே அரைக் காதில் கேட்பேன். ஒன்று மட்டும் முழுக் காதில் விழுந்தது. மாடியிலிருந்து விழுந்தாலும் குண்டடி பட்டாலும், ‘ஸ்பைடர்மேன் செத்துட்டான்’ என்று ஒருவனும் சொன்னதில்லை. ‘நான் செத்துட்டேண்ணே, இன்னும் ஒரு உயிர் இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். செத்தவனே எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவான்.

நான் படித்தது ஐ.டி.ஐ. ஆன்மா, ஜீவன் என்றெல்லாம் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அந்த ‘நான்’ யார் என்ற கேள்வி கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அதே ‘நானை’ நான் சின்ன வயதில் ஸ்ரீரங்கத்தில் கேட்டிருக்கிறேன். அம்மா மண்டபம் சாலையில் பாட்டி வீடு. வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூங்கக் கூடாது என்பதால் பரமபதப் படத்தை விரிப்பார்கள். பாட்டிக்குப் புளியங்கொட்டை, எனக்கு உடைந்த வளையல் துண்டு. பாம்புகளுக்கு அசுரர் பெயர், உச்சிக் கட்டத்தில் வைகுண்டம். தாயக்கட்டையை உருட்டிவிட்டு, ‘போச்சுடா, என்னைப் பாம்பு முழுங்கிடுச்சு’ என்று பாட்டி நெஞ்சில் கைவைப்பாள். முழுங்கப்பட்டது புளியங்கொட்டைதான். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது. விடியுமுன் ரத்தின அங்கியில் நம்பெருமாள் பரமபத வாசல் கடந்து வருவதைப் பார்க்க அந்தக் கூட்டத்தில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாமா ஓடுவார். ராத்திரி காயாக ஏறி இறங்கியவர்கள் காலையில் காலால் நடந்து அந்த வாசலைக் கடப்பார்கள்.

படத்தில் பெருமாள் இருக்கிறார், உச்சியில். ஆனால் பெருமாளைக் காயாக நகர்த்த யாருக்கும் தோன்றியதில்லை. நகர்கிறவர்கள் நாம். இது எனக்கு அப்போது தெரியாது, 2009-ல்தான் தெரிந்தது.

அந்த வருஷம் சோனி ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற ஆட்டத்தை பிளேஸ்டேஷன் 2-க்கு வெளியிட்டது. ஹைதராபாத்தில் உள்ள அரோனா டெக்னாலஜிஸ் செய்தது. இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 ஆட்டம் என்று பெருமையாகச் சொன்னார்கள். உடனே அமெரிக்காவில் நெவாடாவிலிருந்து ராஜன் ஜெட் எதிர்ப்புத் தெரிவித்தார். 2007-ல் அமெரிக்க செனட்டில் முதன்முதலாக இந்துப் பிரார்த்தனை சொன்னவர் அவர்தான். பக்தன்தான் அனுமனின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், ஒரு பட்டனை வைத்துக்கொண்டு பக்தன் அனுமனை ஆட்டி வைப்பது இழிவு, ஆட்டத்தைத் திரும்பப் பெறுங்கள் என்பது அவர் வாதம்.

அந்த ஆட்டத்தின் தட்டு என் கடைக்கு வரவே இல்லை. ஆனாலும் வாசல் படியில் ஒரு வாரம் அதே பேச்சு. ஆடாத ஆட்டத்துக்கு அபிப்பிராயம் சொல்வதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது.

சங்கிலியாண்டபுரத்துப் பையன் ஒருவன், வாரம் தவறாமல் சனிக்கிழமை வடைமாலை பார்க்கப் போகிறவன், முதல் கேள்வி கேட்டான்: “அனுமார் சிரஞ்சீவிண்ணே. அவருக்கு எதுக்கு மூணு உயிர்?” நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், ராஜன் ஜெட்டின் கேள்வியைவிட இது கூர்மையாகப் பட்டது.

பீமநகர்ப் பையன், “நாங்க அல்லாவுக்குப் படமே போட மாட்டோம், இதுல பட்டன் எங்கேர்ந்து வரும்” என்று ஒதுங்கிக்கொண்டான். ஆனால் சாமி அடி வாங்கலாமா என்று பேச்சு திரும்பியதும் அவனே உள்ளே வந்தான். நான் மதுரைக் கதையைச் சொன்னேன்: பிட்டுக்கு மண் சுமந்த சிவனைப் பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான், அடி ஊரில் இருக்கிற எல்லார் முதுகிலும் விழுகிறது. அதற்கு அவன், “பிளேஸ்டேஷன்லயும் அதானே! திரையில அவன் அடி வாங்குனா நம்ம கையில அதிருது” என்றான். (பி.எஸ்.பி.யில் அந்த அதிர்வு கிடையாது.)

சகாய மாதா கோவில் பக்கத்துப் பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவன் அம்மா ஊரில் பாஸ்கா நாடகம் போடுவார்களாம். “இயேசு வேஷம் கட்டுறவரு தவக்காலம் முழுக்க கறி, மீன் தொட மாட்டாருண்ணே. பீடியும் கிடையாது. அப்புறம்தான் சிலுவையில ஏறி நான்தான்னு பேசுவாரு.”

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். இதே திருச்சியில் புத்தூர் குழுமாயி அம்மன் குட்டிக்குடித் திருவிழாவில் சாமி வந்த மருளாளியைத் தோளில் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊரில் சாமியாடி, ‘நான் வந்திருக்கேன்டா’ என்று உறுமினாலும், அந்த ‘நான்’ அவனுடையது இல்லை என்று கூட்டத்துக்குத் தெரியும். மனுஷன் வாயைச் சாமி கடன் வாங்குகிறது. அதற்காக அவன் காப்புக் கட்டி, பாயில் படுக்காமல் விரதம் இருக்கிறான். கேமில் நடப்பது தலைகீழ். சாமியின் உடம்பை மனுஷன் கடன் வாங்குகிறான், இருபது ரூபாய்க்கு, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

ஆட்டி வைப்பது இழிவு என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். காஞ்சிபுரம் திருவெஃகாவில் திருமழிசையாழ்வார் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்றதும் கிளம்பியவர் பெருமாள். விரி என்றதும் வந்து விரித்து, மாற்றிப் படுத்தார் என்பார்கள். ‘சொன்ன வண்ணம் செய்த பெருமாள்’ என்று அதையே பட்டப் பெயராகச் சூட்டியிருக்கிறோம். ஆனால் சொன்னவர் ஆழ்வார். வழியில் போகிறவன் சொல்லியிருந்தால் பாய் சுருண்டிருக்குமா?

அதோடு, எல்லாத் தெய்வங்களிலும் ஏவலுக்குக் காத்திருக்கிறவர் அனுமன் ஒருவர்தான். முனிவர் சாபத்தால் தன் பலம் தனக்கே தெரியாமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தவரைச் சாம்பவான்தான் ஞாபகப்படுத்திக் கிளப்பினார். பரமபதப் படத்தில் பெருமாளைக் காயாக்க முடியாது. அனுமனை ஆக்கலாம், அவரே மறுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நம்மில் எத்தனை பேர் சாம்பவான் என்பதுதான் சிக்கல்.

இதையெல்லாம் அன்று பையன்களிடம் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. சங்கிலியாண்டபுரத்துப் பையன்தான் தீர்ப்புச் சொன்னான்: “அந்த கேம் வந்தா சனிக்கிழமை மட்டும் போடுங்கண்ணே. குளிச்சுட்டு வந்து ஆடுறோம்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “விழுந்துட்டா மட்டும் என்னன்னு சொல்றதுன்னு தெரியல” என்றான். ‘நான் செத்துட்டேன்’ என்று சொன்னால் அனுமாராகிவிட்டோம் என்று ஆகிறது. ‘அனுமார் செத்துட்டாரு’ என்று நாக்கு புரளாது. அதனால் ‘ஆட்டம் முடிஞ்சுது’ என்று சொல்லிக்கொள்வதாக முடிவு செய்தார்கள்.

இப்போது என் மகளுக்கு எட்டு வயது. போன வைகுண்ட ஏகாதசிக்குப் பாட்டியின் படத்தைத் தேடினேன், மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. அவள் என் போனில் பரமபதத்தை இறக்கிக்கொண்டாள். எதிராளி யாரும் இல்லை, போனே ஆடுகிறது. நான் கண்ணயர்ந்துவிட்டேன். மூன்று மணி இருக்கும், தோளைப் பிடித்து உலுக்கினாள். முகத்தில் அழுகை.

“அப்பா, என்னைப் பாம்பு முழுங்கிடுச்சு. போன் வைகுண்டம் போயிடுச்சுப்பா.”