விலையைக் குறைப்பதா, பெயரைச் சொல்வதா?

பண்டிகைக் காலம் நெருங்கிவிட்டால் கைப்பேசியைத் திறந்த இடமெல்லாம் தள்ளுபடிதான். நாற்பது சதவீதம், அறுபது சதவீதம், இன்னும் இரண்டே மணி நேரம் என்று எண்கள் ஓடுகின்றன. தொலைக்காட்சிப் பெட்டிக்கும் துவைக்கும் இயந்திரத்துக்கும் என்று தொடங்கிய இந்தத் திருவிழா, இப்போது கையால் செய்த பொருளையும் தன் வரிசையில் நிறுத்திவிட்டது. மரச் சிற்பமும் ஓவியத் துணியும் சுடுமண் குதிரையும் கோடு போட்டு அடித்த பழைய விலையோடும் சிவப்பு எழுத்தில் புதிய விலையோடும் நிற்கின்றன. அடித்த கோட்டுக்குக் கீழே யாருடைய கூலி அடிபட்டது என்பதைத் திரை சொல்வதில்லை.

அரியலூர் மாவட்டம் செந்துறையிலிருந்து மேற்கே, பெரம்பலூரைத் தாண்டிப் போனால் பச்சைமலைப் பக்கத்தில் அரும்பாவூர். வாகை, மா, வேம்பு போன்ற மரங்களை ஒரே துண்டாக எடுத்துத் தெய்வ உருவங்களைச் செதுக்கும் ஊர் அது. அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செந்துறைக்குத் தென்கிழக்கே உடையார்பாளையம் வட்டத்தில் கருப்பூர். நாயக்கர் காலத்திலிருந்து கோயில் தொம்பைக்கும் குடைக்கும் தேர்ச் சீலைக்கும் பருத்தித் துணியில் மூங்கில் எழுதுகோலால் வண்ணம் தீட்டிய மரபு அதனுடையது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் அதே குறியீடு வந்தது. இப்படிப்பட்ட பொருள் இணையச் சந்தைக்குப் போகும்போது விற்பவர் முன் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்க்கலாம். அல்லது விளம்பரத்துக்குப் பணம் கட்டிப் பொருளைக் கண்ணில் படச் செய்யலாம்.

இதை வியாபார உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. எவருடைய பங்கிலிருந்து எடுத்து எவருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்த இடத்தில் அறமும் வந்துவிடுகிறது. செய்தவரின் கூலியை வெட்டி வாங்குபவருக்குத் தரும் தள்ளுபடி நெறியாகாது. பொருளின் உண்மையை ஊரறியச் சொல்லும் விளம்பரத்துக்குச் செலவிடுவதே கலைஞருக்கும் வாங்குபவருக்கும் நேர்மையான வழி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். நான்கு நாள் வேலையில் முடிந்த ஒரு சிறு விநாயகருக்கு விலை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மரம், மெருகு, பெட்டி, கூரியர் எல்லாம் சேர்த்து 1,600. சந்தையின் தரகு பத்து சதவீதம், 400. மிஞ்சுவது 2,000, அதாவது நாளுக்கு 500 ரூபாய் கூலி. இதற்குக் கால் பங்கு தள்ளுபடி கொடுத்தால் விலை 3,000 ஆகிறது. தரகு 300 ஆகக் குறையும். மரத்தின் விலையும் கூரியர் கட்டணமும் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மிஞ்சுவது 1,100. நாள் கூலி 275. வாங்குபவர் கண்ணில் கால் பங்காகத் தெரியும் சலுகை, உளி பிடித்தவர் கையில் ஏறக்குறைய பாதியாக விழுகிறது.

அதே சிற்பத்துக்கு விற்ற தொகையில் பதினைந்து சதவீதம் விளம்பரக் கட்டணம் என்றால் 600 ரூபாய் போகும், 1,400 நிற்கும். இதுவும் இழப்புதான். ஆனால் 4,000 என்ற மதிப்பு அப்படியே இருக்கிறது. பெயர் தெரிந்து அடுத்த முறை நேராக வருபவரிடம் அந்த 600-ம் கைக்குத் திரும்பும். 3,000 ரூபாய்க்கு வாங்கியவரோ அடுத்த தள்ளுபடி வரும்வரை காத்திருக்கப் பழகிவிடுவார்.

விலை குறைந்தால் விற்பனை பெருகும், மொத்தத்தில் லாபம்தானே என்பார்கள். ஆலைக்கு அது பொருந்தும். இயந்திரத்தை இன்னொரு முறை ஓட்டினால் போதும். இழந்த கூலியை ஈடுகட்ட அரும்பாவூர்க் கலைஞர் ஏறத்தாழ இரு மடங்கு சிற்பம் செதுக்க வேண்டும். நான்கு நாள் எட்டு நாளாகும். ஒரே துண்டு மரத்தில் உளி ஒருமுறை தவறினாலும் ஒட்டுப்போட வழியில்லாத வேலை இது. கொட்டாப்புளியை வேகமாக அடிப்பதால் துதிக்கையின் வளைவு விரைவாக வந்துவிடாது. செந்துறைப் பக்கத்து முந்திரி உழவர்கள் விளைச்சல் குவிந்த பருவத்தில் விலை சரிவதைப் பார்த்தவர்கள். அங்கே கொட்டை மிகுந்தது, விலை இறங்கியது. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத சிற்பம் எந்தக் களத்தில் குவிந்து கிடக்கிறது?

கலைஞரின் தகுதி அறிந்து கொடுக்க வேண்டும் என்பதில் தமிழ் மரபு தயங்கியதே இல்லை. புறநானூற்றின் 208-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை மறுக்கிறார். தம் புலமையை அளந்தறிந்து தருவது தினையளவே ஆனாலும் தமக்கு இனிது என்பது அவர் நிலை. அதே நூலின் 121-ஆம் பாட்டில் கபிலர், மலையமான் திருமுடிக்காரியிடம் இன்னும் கண்டிப்பாகப் பேசுகிறார். அள்ளிக் கொடுப்பது எளிது, வந்தவர் வரிசை அறிவதே அரிது, எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்காதே என்று வேந்தனுக்கே பாடம் சொல்கிறார். எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் ஒரே சதவீதம் என்று வெட்டும் சந்தை செய்வது கபிலர் கடிந்த அதே தவறுதான்.

வணிகரின் நெறியைப் பட்டினப்பாலை வரைந்து காட்டியிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் பிறர் பொருளையும் தம் பொருள்போலவே கருதினார்கள். வாங்கும்போது கூடுதலாக எடுக்கவில்லை, கொடுக்கும்போது குறைக்கவில்லை, விலையை வெளிப்படையாகச் சொன்னார்கள். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் முடியும் இடமும் வணிகருக்கான இதே அறிவுரைதான். உடல் வருந்தி உழைத்ததன் பயன் உழைத்தவரையே சேரும் என்று ஆள்வினையுடைமையில் வள்ளுவர் உறுதி தருகிறார். சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்தில் மரத் தச்சரும் ஓவியரும் பலவகை வணிகரோடு ஒரே மூச்சில் எண்ணப்படுகிறார்கள். இளங்கோ அருகருகே வைத்தவர்களைச் சந்தை மேல் கீழாக வைக்கலாமா?

சட்டமும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் பொருளின் விலையை நேராகவோ மறைமுகமாகவோ ஆட்டிவைக்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பு, 2019 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேண்டிய விற்பனையாளருக்கு முன்னிடம், அடிமாட்டு விலைத் தள்ளுபடி ஆகிய புகார்களின் பேரில் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. விதிமீறல் நடந்திருப்பதாக விசாரணைப் பிரிவு கண்டறிந்தது என்ற செய்தி 2024-இல் வெளியானது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன. கைவினைப் பொருளுக்கென்றே 2005-இல் தொடங்கிய எட்ஸி தளம்கூட, அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக அனுப்பித் தரும் கடைகளைத் தேடலில் முன்னே காட்டப்போவதாக 2019-இல் அறிவித்தது. அனுப்புசெலவைத் தம் தலையில் ஏற்கும் கைவினைஞர்க்கு முன்வரிசை, ஏற்காதவர்க்குப் பின்வரிசை என்பதே அதன் பொருள்.

விளம்பரம் தமிழருக்குப் புதிதன்று. புகார்த் துறைமுகத்தில் கள் விற்பவர் முதல் வாதுக்கு அழைக்கும் அறிஞர் வரை கொடி ஏற்றியதைப் பட்டினப்பாலை வரிசையாகச் சொல்கிறது. நம் காலத்துக்கு நெருங்கிய சான்றும் உண்டு. கைத்தறி நெசவாளர்கள் துணி தேங்கித் துயரப்பட்ட 1953-இல், அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். துணிக்குப் பின்னால் பட்டினி கிடக்கும் நெசவாளர் இருக்கிறார் என்ற உண்மையைக் கேட்கவைக்கும் குரல் அவரிடம் இருந்தது. அந்தக் குரல்தான் அன்றைய விளம்பரம். கலம்காரித் துணியின் சாயம் எதிலிருந்து வந்தது, கோடு எதனால் போட்டது, ஒரு முழம் தீட்ட எத்தனை நாள் என்று காட்டும் இரண்டு நிமிடக் காணொளி இன்று அதே வேலையைச் செய்யும். வாங்குபவர் அறிந்து வாங்குகிறார்; கலைஞர் தலைநிமிர்ந்து விற்கிறார்.

விளம்பரம் என்ற பெயரால் நடப்பதெல்லாம் நெறி ஆகிவிடாது. எட்ஸி 2020-இல் கொண்டுவந்த வெளித்தள விளம்பரத் திட்டத்தில், ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்றவர்கள் விலக வழியில்லை. விளம்பரம் வழியாக நடந்த விற்பனையில் 12 சதவீதம் கட்டியே ஆகவேண்டும். சிறு கடைகளுக்கு 15 சதவீதம், ஆனால் விலகலாம். 2022 ஏப்ரலில் தரகும் 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக ஏறியபோது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். கேட்காமல் பிடித்தம் செய்யும் விளம்பரத்தை, பிறர் பொருளை விரும்பாமை பற்றி வள்ளுவர் வகுத்த வெஃகாமை அதிகாரம் ஒருநாளும் ஏற்காது. பொய் அவசரம் காட்டுவதையும் விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லாமல் மறைப்பதையும் இந்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன. கலைஞரின் சம்மதமும் சொல்லின் உண்மையும் இருந்தால்தான் விளம்பரம் நெறிக்குள் நிற்கும்.

தள்ளுபடிக்கும் இடம் இல்லாமல் இல்லை. ஆடி மாதத்தில் தேங்கிய சரக்கைத் தன் நட்டத்தில் தள்ளிவிடும் துணிக்கடைக்காரர் தவறு செய்யவில்லை. கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்குத் தரும் முப்பது சதவீதத் தள்ளுபடியால் எளிய குடும்பத்துக்கும் கைத்தறிச் சேலை கிடைக்கிறது. அங்கே நெசவுக் கூலி சேலைக்கு இவ்வளவு என்று முன்பே முடிவாகிவிடுகிறது; தள்ளுபடிக்கு அரசின் மானியமும் கைகொடுக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. தள்ளுபடி காட்டும் ஒவ்வொரு கைவினைப் பொருளின் பக்கத்திலும், அந்தத் தொகையை ஏற்பவர் சந்தையா விற்பவரா என்று எழுத வேண்டும். தள்ளுபடி விழாவில் சேராத கடையைத் தேடலில் பின்னுக்குத் தள்ளுவதைச் சட்டம் தண்டிக்க வேண்டும். புவிசார் குறியீடு வாங்கித் தருவதோடு கடமை முடிந்ததென்று இருக்காமல், அரும்பாவூருக்கும் கருப்பூருக்கும் இணைய விளம்பரச் செலவைப் தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரும் மாவட்ட நிர்வாகங்களும் ஏற்க வேண்டும். தள்ளுபடி மானியத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்பினாலே தொடங்கிவிடலாம். அதுவரை பூஜை அறைக்கு மரச் சிற்பம் வாங்குபவர்கள் ஒன்று செய்ய முடியும். அறுபது சதவீதம் என்று கண்ட இடத்தில் விரலை நிறுத்தி, செய்தவர் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடலாம். இல்லையென்றால் விற்பவருக்கு எழுதிக் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் விற்பவர் யோசிப்பார், ஆயிரம் பேர் கேட்டால் சந்தை தன் பக்கத்தை மாற்றி அமைக்கும்.